யாருடைய உதவியும் இல்லாமல்

மான்குர்த்,
3 ஜூன் 2025

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்று வேண்டுமென்றேதான் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். குரலைக் கேட்டால் மனசு இளகிப் பையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குக் கிளம்பிவிடுவேன். இருபது வருஷமாக அப்படித்தான் ஏமாந்து வருகிறேன். காகிதத்தில் நீங்கள் இருமிக் காட்ட முடியாது, அதனால்தான் கடிதம். பட்டறை டெம்போ ஓட்டும் தௌசீப் பாய் பைகளை இறக்க இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொண்டு போய் உங்களிடம் தருவார். பதில் எழுதுவதாக இருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.

நான் ஏன் அண்ணன் வீட்டுக்கு வந்தேன் என்று கோகிலாவிடம் கேட்டீர்களாம். "அவளுக்கு என்ன கிறுக்கு புடிச்சிட்டு?" என்றீர்களாம். உங்கள் தங்கை பாவம், என்ன சொல்லுவாள்? நானே சொல்கிறேன். ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு எல்லாம் வேறு மாதிரி ஞாபகம் இருக்கிறது.

பட்டறையின் மேல்தட்டு மாலாவிலிருந்து தோல் கட்டோடு ஏணியில் சறுக்கி விழுந்து, உங்கள் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து நான் ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியின் பயிற்சி வார்டில் ஓர் இடம். ஆறு வாரம் அங்கேயே தங்க வைத்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, உடுத்துவது, ட்யூப் போட்டு மூத்திரம் எடுப்பது என்று எல்லாவற்றையும் தானே செய்யக் கற்றுத் தருவார்கள். நீங்கள் கற்றுக்கொண்டால் நான் வேலைக்குப் போகலாம். அண்ணன் வீட்டுப் பக்கத்து மசாலா கம்பெனியில் எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை நம் முறை வந்தது. பயிற்சி கொடுக்கிற ஸ்ரீலேகா மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? "இவருக்கு எதுக்கும்மா ட்ரெயினிங்? ஆப்ல தொண்ணூத்திரண்டு வந்திருக்கே! எல்லாத்தையும் தானே பண்ணிக்கறார். முடியாதவா எத்தனையோ பேர் காத்துண்டிருக்கா." நீங்கள் சிரித்தீர்கள். மாலை போட்டுப் படம் எடுக்க உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்தீர்கள். அந்த நேரத்தில் நான் தரையில் குத்தவைத்து, உங்கள் காலிலிருந்து கழன்றுபோன செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அங்கே ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் போனை வாங்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்த அந்த ஆப் தமிழில் கேள்வி கேட்கிறது, நீங்கள் அழுத்துகிறீர்கள். நான் அடுப்படியில் நிற்பவள், அது என்ன கேட்கிறது என்று கவனித்ததில்லை. 'நீராடுதல்: யாருடைய உதவியும் இல்லாமல்.' 'ஆடை அணிதல்: யாருடைய உதவியும் இல்லாமல்.' 'படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல்: யாருடைய உதவியும் இல்லாமல்.' அப்படியா அத்தான்? காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில் குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து உங்களைக் குளிக்கிற மோரிக்குத் தூக்கிப் போகிறது யார், பேயா பிசாசா?

வார்டில் அடுத்த ஆட்களை இந்த மாதம்தான் எடுக்கிறார்கள். நான் மேடத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். என் புருஷன் பொய்யன் என்று ஊராரிடம் சொல்லுவது என் வேலை இல்லை. நீங்களே சொல்லி அந்த இடத்தை வாங்க வேண்டும். அதுவரை தொண்ணூற்றிரண்டு வாங்கிய மனிதருக்கு நான் எதற்கு? இருந்து பாருங்கள். கோகிலா சோறு கொண்டு வருவாள்.

பிரேமலதா

மாடத்தில் நீல ட்யூபில் இருப்பது படுக்கைப் புண்ணுக்கு வைக்கிற களிம்பு. பல் தேய்த்துவிட வேண்டாம்.


தாராவி,
5 ஜூன் 2025

பிரேமாவுக்கு,

களிம்பு விஷயம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

நான் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். குலசாமி அறிய நான் பொய் சொல்லவில்லை. யாராவது உதவி செய்கிறார்களா என்று அது கேட்டது. யாரும் இல்லை என்று அழுத்தினேன். நம் ஒற்றை அறைக் கோலிக்குள் யார் வந்து எனக்கு உதவி செய்தார்கள், நீயே சொல்லு. நீ இருக்கிறாய். நீ என் பொண்டாட்டி, அதற்கு முன்னால் என் மாமன் மகள். உன்னைப் போய் 'யாரோ' என்கிற கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. நான் ஒரு கையால் இன்னொரு கைக்குச் சோப்புப் போட்டால், உதவிக்கு ஆள் வைத்திருக்கிறேன் என்றா சொல்லுவேன்? நியாயமாகப் பார்த்தால் இதற்கு நீ சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உன்னை அவ்வளவு சொந்தமாக நினைத்திருக்கிறேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அப்புறம் அந்தப் பச்சை வட்டம். ஆப்பில் நமக்கு வந்த பச்சை வட்டத்தைப் பட்டறையில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கணேசபாண்டியன் முதலாளி போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எலே துரை, நீ தேறிட்டடே! கீழயே உனக்கு ஒரு கட்டிங் டேபிள் போட்டு வைக்கேன்" என்றார். விழுந்த நாளிலிருந்து என்னை எல்லோரும் 'பாவம்' என்றுதான் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருத்தர் முதுகில் தட்டினார். இப்போது போய் அதைச் சிவப்பாக்கிக் கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள்?

பயிற்சி வார்டு, பயிற்சி வார்டு என்று குதிக்கிறாயே, அங்கே எனக்கு என்ன செய்துவிடப் போகிறார்கள்? நீ செய்வதைவிட நன்றாகவா செய்வார்கள்? நீ குளிப்பாட்டினால் கண்ணில் ஒரு சொட்டு சோப்பு போகாது. அவர்களுக்கு அது வருமா?

கோடு போட்ட சட்டையை எங்கே வைத்திருக்கிறாய்? கோகிலா தேடிவிட்டாள், கிடைக்கவில்லை. கோபம் தணிந்ததும் வா. உன் அண்ணன் கோமதிநாயகம் மச்சானைக் கேட்டதாகச் சொல்லு.

இசக்கிதுரை


மான்குர்த்,
7 ஜூன் 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அண்ணன் 'மச்சான் சொல்லுததும் ஒரு வகையில நியாயம்தானட்டி' என்றான். அவனோடும் இப்போது நான் பேசுவதில்லை. ஆம்பளைகள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து வந்தீர்களா?

என் கை உங்கள் கை இல்லை அத்தான். இதை இவ்வளவு காலம் கழித்து எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்களைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டதே, அது யாருடைய தோள்? தைலம் தேய்த்துவிட ஆள் இல்லாமல் கதவு நிலையில் உரசிக்கொண்டு நின்றேனே, அப்போது உங்கள் தோள் வலித்ததா? சாதனாவை நாகர்கோவிலில் நர்சிங் கல்லூரியில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய நாளில், உங்களைத் தனியாக விட முடியாது என்று அண்ணனை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை முதல்முதலாக வீட்டை விட்டுப் போகிறாள், நான் ரயிலடிக்குக்கூடப் போகவில்லை. அதுவும் யாருடைய உதவியும் இல்லாமல் நடந்ததுதானா?

சொந்தமாம். சொந்தமாக நினைத்தாராம். உங்கள் சக்கர வண்டியையும் நீங்கள் சொந்தமாகத்தான் நினைக்கிறீர்கள். மழைக்காலம் வந்தால் அதற்காவது எண்ணெய் போடுகிறீர்கள்.

"நீ செய்வதைவிட நன்றாகவா செய்வார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஒன்றுமே செய்ய மாட்டார்கள் அத்தான். செய்ய வேண்டியது நீங்கள். அதற்குப் பெயர்தான் பயிற்சி.

நாளை ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆப் மறுபடி கேட்கும். முதலாளி முதுகில் தட்டியதை நினைத்துக்கொண்டு அழுத்துங்கள். இடம் போகட்டும்.

கோடு போட்ட சட்டை நீங்கள் படுத்திருக்கிற தலையணைக்கு உறையாகி ஆறு மாதம் ஆகிறது.

பிரேமலதா


தாராவி,
9 ஜூன் 2025

பிரேமா,

நீ போன பிறகு இந்த வீட்டில் நடப்பதை எழுதுகிறேன். படித்துவிட்டு உன் மனசு எப்படிப்பட்ட கல் என்று நீயே பார்த்துக்கொள்.

என்னைக் குளிப்பாட்டுவது யார் தெரியுமா? தமிழ்செல்வன். கோகிலா புருஷன். நம் வீட்டு மாப்பிள்ளை. பண்டிகைக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, கறி விருந்து வைத்து, அவர் வந்தால் நான் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருக்கிற மாதிரியாவது பாவனை செய்து மரியாதை கொடுக்க வேண்டிய மனிதர். அவர் முன்னால் நான் உரித்த கோழியாக மோரியில் உட்கார்ந்திருக்கிறேன். "கையத் தூக்குங்க மச்சான்" என்கிறார். தூக்குகிறேன். "திரும்புங்க மச்சான்" என்கிறார். எப்படித் திரும்புவது? டெம்போ கழுவுகிற மாதிரி வாளியோடு தூக்கி ஊற்றுகிறார். கண் முழுக்க சோப்பு. ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? மாப்பிள்ளை மனசு கோணினால் கோகிலாவுக்கு அல்லவா கஷ்டம். "போதும் மாப்ள, ரொம்ப நல்லாருக்கு" என்று சிரிக்கிறேன்.

ட்யூப் விஷயத்தை மாப்பிள்ளையிடம் விடவில்லை. நானே முயன்று பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

கோகிலா சட்டை போட்டுவிடுகிறாள், சாப்பாடு கொண்டு வருகிறாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து வண்டியில் தூக்கி வைக்கிறார்கள். அவள் இன்னொரு வீட்டில் வாழப் போனவள். அவள் வீட்டு உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருகிறாள். இதெல்லாம் எவ்வளவு பெரிய உதவி! நன்றி மறக்கக் கூடாது இல்லையா? அதனால் நேற்று ஆப் கேட்டபோது எல்லாவற்றுக்கும் 'முழு உதவி' என்றே அழுத்தினேன். எப்போதும் போல உண்மையைத்தான் சொன்னேன். உடனே வட்டம் சிவந்துபோய் 'பதினெட்டு' என்று காட்டுகிறது. ஆப் கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன். மழை ஈரத்தில் போன் கெடுவது சகஜம்தான். சாதனா போன் செய்தால் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

நீ எப்போது வருகிறாய்?

இசக்கிதுரை


மான்குர்த்,
11 ஜூன் 2025

அத்தானுக்கு,

நேற்று என்ன நடந்தது தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்.

ஸ்ரீலேகா மேடம் போன் செய்தாள். உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் எடுக்கவில்லையாம், ஆஸ்பத்திரிச் சீட்டில் என் நம்பரும் இருந்ததாம். "உங்க ஹஸ்பண்டுக்கு ஒரே வாரத்துல தொண்ணூத்திரண்டுலேர்ந்து பதினெட்டுக்கு விழுந்திருக்கு. முதுகுத்தண்டுல புதுசா ஏதோ ஆயிருக்கலாம். ஜுரம் இருக்கா? கையில பலம் இருக்கோ? உடனே ஸ்கேன் பண்ணணும், அழைச்சுண்டு வாங்கோ" என்றாள்.

உங்கள் கடிதம் அப்போது எனக்கு வந்து சேரவில்லை. எனக்கு என்ன தெரியும்? கையும் போய்விட்டது என்று நினைத்தேன். இடுப்புக்குக் கீழேதான் இல்லை, கையாவது இருக்கிறதே என்று இரண்டு வருஷமாக நான் கும்பிட்ட கும்பிடெல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். நான் விட்டுவிட்டு வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்தேன். ஒரு காலில் என் செருப்பு, ஒரு காலில் அண்ணி செருப்பு. அப்படியே ஓடி மான்குர்த் ஸ்டேஷனில் வண்டி ஏறினேன். குர்லாவில் மாறுவதற்காகப் பாலத்தில் ஏறும்போதுதான் கோகிலாவுக்குப் போன் போட வேண்டும் என்றே புத்தி வந்தது.

"அண்ணனா? நல்லாத்தான இருக்கான் மைனி. டிவி பாத்துட்டுக் கெடக்கான். கருவாடு வேணும்னான், இப்பதான் பொரிச்சிக் குடுத்துட்டு வாரேன்."

நான் அந்தப் பாலத்திலேயே நின்று அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் "க்யா ஹுவா?" என்று கேட்கிறார்கள். என்னவென்று சொல்லுவேன்? உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அழுதது பாதி. ஒன்றும் ஆகாமல் கருவாடு தின்றுகொண்டிருக்கிறீர்கள் என்ற எரிச்சலில் அழுதது பாதி. தாராவிக்குப் பக்கத்துச் சயானுக்கு டிக்கெட் இருந்தும் அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

திரும்பி வந்தால் தௌசீப் பாய் உங்கள் கடிதத்தோடு வாசலில் நிற்கிறார். படித்தேன். ஆப் கெட்டுவிட்டதாம். மழை ஈரமாம்.

அந்தப் பெண் ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்களே போய் என்ன ஆயிற்று என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்லித் தர மாட்டேன்.

பிரேமலதா


தாராவி,
14 ஜூன் 2025

பிரேமா,

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். மாப்பிள்ளைதான் டாக்ஸி பிடித்துக் கூட்டிப் போனார்.

ஸ்ரீலேகா மேடம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து, அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன், "ஆ" என்றாள். ஊசியால் வயிற்றில், முதுகில் எல்லாம் குத்திப் பார்த்தாள். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பிறகு அந்தக் குழாய் மாதிரி மெஷினுக்குள் தள்ளி, தடதடவென்று சத்தம். எல்லாம் முடிந்து படத்தைப் பார்த்தால் பழைய அடிதான், புதிதாக ஒன்றும் இல்லை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கும் இந்த ஞாயித்துக்கிழமைக்கும் நடுவுல என்ன ஆச்சு? விழுந்தேளா?"

"இல்ல மேடம்."

"ஜுரம் கிரம்?"

"இல்ல மேடம்."

"பின்னே என்னதான் மாறித்து?"

"பொண்டாட்டி மான்குர்த் போயிட்டா மேடம்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முன்பு யார் குளிப்பாட்டினார்கள் என்று கேட்டாள். பிரேமா என்றேன். யார் உடுத்திவிட்டார்கள்? பிரேமா. யார் வண்டியில் ஏற்றியது? பிரேமா. "அப்போ ஏன் உதவி இல்லைன்னு போட்டேள்?" என்று கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "அவ என் பொண்டாட்டிலா மேடம்" என்றேன். மாப்பிள்ளை வேறு பக்கத்தில் நின்று, "ஆமா மேடம், அக்காதான்" என்று தலையாட்டுகிறார்.

அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் வரிசையாக எதையோ திறந்து திறந்து பார்த்தாள். "என் லிஸ்ட்ல தொண்ணூறுக்கு மேல வாங்கினவா அத்தனை பேரும் கல்யாணம் ஆன ஆம்பளைங்க. கிரேட் ரிசல்ட்னு நான் மேல அனுப்பிச்சிருக்கேன்" என்று சொல்லித் தலையில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. "டீ சொல்லட்டுமா மேடம்" என்று கேட்டேன். முறைத்தாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதினெட்டு என்று பார்த்தபோது ஆப் கெட்டுவிட்டது என்றே நம்பினேன். அந்த மெஷினுக்குள் அசையாமல் படுத்திருந்தபோதுதான், அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று பட்டது. எனக்கு முதுகில் புதிதாக ஒன்றும் ஆகவில்லை பிரேமா. நீ போனதுதான் ஆனது. அவ்வளவு பெரிய மெஷினில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, நல்ல சேதி. பயிற்சி வார்டில் இடம் கொடுத்துவிட்டார்கள். இருபத்துமூன்றாம் தேதி சேர வேண்டும். முதல் வாரம் மட்டும் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டுமாம். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீ வந்துவிட்டால் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

இசக்கிதுரை


மான்குர்த்,
17 ஜூன் 2025

அத்தானுக்கு,

மெஷின் வரைக்கும் படித்து அழுதேன். அதற்கடுத்த பத்தியைப் படித்ததும் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். அண்ணி எடுத்து நீவிக் கொடுத்தாள்.

நீங்கள் வார்டுக்குப் போவது எதற்கு? என் கை இல்லாமல் காரியம் செய்யக் கற்றுக்கொள்ள. அதற்கும் நானே வந்து பக்கத்தில் நிற்க வேண்டுமாம். என்னைக் கேட்காமல் என் பெயரையும் கொடுத்தாயிற்று. அந்தப் பெண் அவ்வளவு கத்தியும் உங்கள் காதில் பாதிதான் ஏறியிருக்கிறது.

நான் வர முடியாது. நேற்று மசாலா கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறேன். கையெல்லாம் மிளகாய்த்தூள், கண்ணைக் கசக்க முடியவில்லை, அண்ணன் பிள்ளைகளைத் தொட முடியவில்லை, எரிகிறது. இந்த எரிச்சல் என்னுடையது. இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வெட்கமாக இருக்கும்தான். வெட்கப்பட்டால் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். என்னிடம் உங்களுக்கு வெட்கமே இல்லாமல் போனதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

உங்கள் நம்பரைத் தடுத்து வைத்ததை இன்னும் எடுக்கவில்லை. வார்டிலிருந்தும் எழுதத்தான் வேண்டும்.

பிரேமலதா


பயிற்சி வார்டு,
8 ஜூலை 2025

பிரேமா,

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தோளும் கையும் கழன்று போகிற மாதிரி வலிக்கிறது. உன் தோளை நினைத்துக்கொள்கிறேன். நிஜமாகவே நினைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை முதல் வாரம் இருந்துவிட்டுப் போனார். போகும்போது, "மச்சான், மனசுல வச்சுக்காதீங்க, நான் குளிப்பாட்டுனது கொஞ்சம் முரடுதான்" என்றார். எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார் பாவி.

இங்கே கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவில் வழுவழுவென்று ஒரு பலகை போடுகிறார்கள். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அதன் மேல் நகர்ந்து போக வேண்டும். முதல் நாள் பாதியில் சறுக்கிக் கீழே மெத்தையில் விழுந்தேன். ஒருத்தரும் தூக்க வரவில்லை. மேடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "தூக்குங்க மேடம்" என்றால், "வீட்ல ஆத்துக்காரி இல்லேன்னா என்ன பண்ணுவேள்?" என்கிறாள். அவளுக்கு என் மேல் இன்னும் கோபம் போகவில்லை. ட்யூபை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். குளிக்க உட்கார்ந்தால் காலைச் சாப்பாடு ஆறிவிடுகிறது, ஆனாலும் கண்ணில் சோப்பு போகாமல் குளிக்க வந்துவிட்டது. நீ அதை எப்படிச் செய்தாய் என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். நெற்றியில் கையை வைத்துத் தடுப்பாய், இல்லையா? அதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கீழே ஒரு சமையல் மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்தபடி எட்டுகிற குட்டை மேடை. அடுப்புப் பற்ற வைக்கப் பழக்குகிறார்கள். ஆம்பளை எனக்கு எதற்கு என்று கேட்டேன். மேடம் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆப் கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் எடுத்து அழுத்தினேன். நாற்பத்தொன்று. வட்டம் மஞ்சள். அன்று என்னைப் பார்க்க வந்த முதலாளி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னலே, தொண்ணூத்திரண்டு வாங்குனவன் நாப்பத்தொண்ணுல நிக்க? இங்க வந்து கீழல்லா போயிட்ட?" என்றார்.

"இல்ல மொதலாளி, இது நான் வாங்குனது."

"அப்ப அது?"

"அது நானும் அவளும் சேந்து வாங்குனது. நான் என் பேருல காட்டிக்கிட்டு அலைஞ்சேன்."

அவர் என்ன நினைத்தாரோ, கொண்டு வந்த ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து தௌசீப் சொல்கிறான், முதலாளி வீட்டம்மாவுக்கு முட்டி வலி என்று முதல் தடவையாக டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாராம்.

ஆக, நாற்பத்தொன்று போக மீதி உன்னுடையது. இனி எதிலும் உன்னை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்ல மாட்டேன்.

இன்று சட்டையும் நானே போட்டேன். போட்டு முடித்துப் பார்த்தால் பொத்தான் ஒன்று மாறி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. பக்கத்துக் கட்டில்காரன் சிரிக்கிறான். நான் அவிழ்க்கவில்லை. வரும் ஞாயிறு பார்வையாளர் நேரம் உண்டு. நீ வந்தால் உனக்கு ஒரு வேலையும் சொல்ல மாட்டேன். வருவாயா?

இசக்கிதுரை


மான்குர்த்,
9 ஜூலை 2025

அன்புள்ள அத்தானுக்கு,

போட்டுவிட்டேன். பெரிதுபடுத்த வேண்டாம்.

மீதியை எனக்குத் தருகிறீர்களாம். யார் கேட்டது? அதை வைத்து நான் என்ன செய்ய, சுவரிலா மாட்ட? உங்களுடையது ஏறட்டும், அது போதும். ஏறுகிற அளவுக்கு என் தோள் பாரம் இறங்கும். நெற்றியில் கை வைப்பது உண்மைதான். சாதனா கைக்குழந்தையாக இருந்தபோது பழகியது. அவள் வளர்ந்துவிட்டாள், நீங்கள் வளரவில்லை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு எப்போது திரும்புவேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. நீங்கள் வார்டிலிருந்து வீட்டுக்கு வாருங்கள், நானும் வருகிறேன். ஆனால் இங்கே பார்க்கிற வேலையை விட மாட்டேன். காலையில் தாராவியிலிருந்து கிளம்பி மான்குர்த் வருவேன். அப்போது நீங்கள் குளித்தீர்களா, உடுத்தினீர்களா என்று ரயிலில் நின்றுகொண்டு கவலைப்பட மாட்டேன். பட்டாலும் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பொத்தானைத் தொட மாட்டேன். கை பரபரக்கும், பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நீங்கள் பலகையில் நகரும்போது எழுந்து ஓடி வர மாட்டேன். எனக்கு அங்கே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். அதில் விருந்தாளி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் குட்டை மேடையில் எனக்கு ஒரு டீ போட்டுத் தாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் கையால் ஒரு டீ நான் குடித்ததில்லை. உங்களுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, இஞ்சி தட்டிப் போட வேண்டும், பால் ஏடு இருக்கக் கூடாது. எனக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி போட்டுவிடாதீர்கள் அத்தான், கேளுங்கள்.

பிரேமலதா